கீழடி மனிதரின் முகம் முதல் அரியலூர் டைனோசர் வரை... எலும்பைப் பார்த்து உயிரை வரைவது எப்படி?

2025-ல் உங்க போன் ஸ்க்ரீனில் இரண்டு முகங்கள் வந்து போயிருக்கும். நம்ம தெருமுனை டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் மாதிரி ஒருத்தர், நம்ம பெரியப்பா சாயலில் இன்னொருத்தர். மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் கீழடிக்குப் பக்கத்தில், கொந்தகையில் முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த மண்டை ஓடுகளை வைத்து உருவாக்கப்பட்ட முகங்கள் அவை. சுமார் 2,500 ஆண்டுகள் பழைமையானவர்கள் என்று சொல்லப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபியல் ஆய்வாளர்களும், இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் 'ஃபேஸ் லேப்' குழுவும் சேர்ந்து செய்த வேலை.

படம் வந்த கொஞ்ச நேரத்திலேயே கமென்ட்டில் சண்டை ஆரம்பமாகிவிட்டது. 'நிறம் எப்படித் தெரிஞ்சுது?', 'மூக்கு ஏன் இப்படி?', 'இது உண்மையா, இல்ல சும்மா வரைஞ்சதா?'

நியாயமான கேள்விகள்தான். இதே கேள்விகளைத்தான் டைனோசர் படங்களைப் பார்த்தும் உலகம் முழுக்க கேட்கிறார்கள். அந்தக் கலைக்கு 'பேலியோஆர்ட்' என்று பெயர். தமிழில் 'தொல்லுயிர் ஓவியம்' என்று சொல்லலாம். மார்க் ஹேலட் என்ற அமெரிக்க ஓவியர் 1987-ல் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். ஆனால், கலைக்கு வயது 200 ஆண்டுகளை நெருங்குகிறது. எலும்பிலிருந்து தசை, தசையிலிருந்து தோல், தோலிலிருந்து உயிர். இதில் எது வரைக்கும் அறிவியல், எங்கிருந்து கற்பனை? வாங்க, நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிப்போம்.

மண்டை ஓட்டுக்கு முகம் வந்த கதை

முதல் வேலை, மண்டை ஓட்டை சி.டி ஸ்கேன் எடுப்பது. ஆஸ்பத்திரியில் நமக்கு எடுக்கிற அதே ஸ்கேன்தான். அந்த டேட்டா கம்ப்யூட்டருக்குள் போனால், ஒரிஜினல் எலும்பை யாரும் தொடாமலேயே முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். 2,500 ஆண்டுகள் தாழிக்குள் இருந்த எலும்பு அப்பளம் மாதிரி. அதன்மேல் களிமண்ணை அப்பிப் பார்ப்பதெல்லாம் ஆகாத காரியம்.

அடுத்தது, தசை. முகத்தில் எந்தத் தசை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது மனிதர்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மெல்லுகிற தசை வலுவாக இருந்தால், அது ஒட்டியிருந்த இடத்தில் எலும்பு சொரசொரவென்று தடித்திருக்கும். நெற்றி, கன்னம், தாடை என்று ஒவ்வொரு இடத்திலும் தோலும் கொழுப்பும் சராசரியாக எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்பதற்கு, இன்று வாழும் மனிதர்களை அளந்து எடுத்த அட்டவணைகள் இருக்கின்றன. அதை வைத்து தோலைப் போர்த்துவார்கள்.

இதுவரைக்கும் தரை உறுதி. இதற்கு மேல்தான் வழுக்க ஆரம்பிக்கும். மூக்கு நுனியும் காது மடலும் குருத்தெலும்பு. மண்ணில் மக்கிப்போய்விடும். மூக்குக்காவது மண்டை ஓட்டில் இருக்கும் துவாரத்தின் அகலமும், அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எலும்பு முள்ளும் குறிப்பு கொடுக்கும். காதுக்கு அந்த அளவு குறிப்பு கிடையாது. நிறத்துக்கு? எலும்பைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அப்படியென்றால், அந்த இரண்டு பேருக்கும் தோல், முடி, கண் நிறம் எப்படி வந்தது? இன்று தமிழ்நாட்டில் வாழும் மக்களின் நிறத்தை எடுத்துக்கொண்டார்கள். இது இந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான். பழைய எலும்பிலிருந்து போதுமான டி.என்.ஏ கிடைத்தால் நிறம் பற்றி இன்னும் உறுதியாகப் பேசலாம். ஆனால், நம்ம ஊர் வெயிலும் ஈரமும் டி.என்.ஏ-வுக்குப் பரம எதிரி. ஐரோப்பாவின் குளிர் மண்ணில் பத்திரமாக இருப்பது, வைகைக் கரையில் அவ்வளவு சுலபமாகத் தப்பிக்காது.

நிறம் மாறும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2012-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு கார் பார்க்கிங்குக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக்கூடு கிடைத்தது. 2013-ல் அவர் முகத்தை உருவாக்கியவர் பேராசிரியர் கரோலின் வில்கின்சன். கொந்தகை முகங்களைச் செய்த ஃபேஸ் லேபை நடத்துபவரும் அவர்தான். பழைய ஓவியங்களைப் பார்த்து மன்னருக்குக் கருமையான முடியும் பழுப்புக் கண்ணும் வைத்தார்கள். 2014-ல் டி.என்.ஏ முடிவு வந்தது. கண் நீலம், சின்ன வயதில் முடி பொன்னிறமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றது. முகத்தின் நிறத்தை மாற்றினார்கள். எலும்புக்கு மேல் கட்டிய அமைப்பு அப்படியே நின்றது, நிறம்தான் மாறியது.

இதை மனசில் வையுங்க. எலும்பு சொன்னது நிற்கும். நாம் சேர்த்தது மாறும். டைனோசருக்கும் இதே விதிதான்.

ஜல்லிக்கட்டுக் காளையின் எலும்புக்கூட்டைப் பார்த்திருக்கீங்களா?

ஒரு கற்பனைப் பரீட்சை. 10 கோடி ஆண்டுகள் கழித்து மனிதர்களே இல்லை. வேறு ஏதோ ஓர் உயிரினம் அலங்காநல்லூரில் மண்ணைத் தோண்டுகிறது. ஒரு காளையின் முழு எலும்புக்கூடு கிடைக்கிறது. அதைப் பார்த்து ஓர் ஓவியர் வரைகிறார். அவர் வரைவது நம்ம காளை மாதிரி இருக்குமா?

கொம்புக்குள் எலும்பு இருப்பதால் கொம்பு வந்துவிடும். கால், வால் எல்லாம் வரும். ஆனால், மாடுபிடி வீரர்கள் பாய்ந்து அணைக்கிற அந்தத் திமில்? அதற்குள் எலும்பு கிடையாது. தசையும் கொழுப்பும்தான். திமில் உள்ள மாடுகளுக்கு முதுகெலும்பின் மேல் முள் சில இடங்களில் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். விஷயம் தெரிந்த தொல்லியலாளர்கள் அதைப் பார்த்தே 'இது திமில் மாடு' என்று சொல்லிவிடுவார்கள். ஆனால், அதன் உயரம் எவ்வளவு, எந்தப் பக்கம் சாயும்? தெரியாது. கழுத்துக்குக் கீழே ஆடும் அலைதாடி சுத்தமாக வராது.

யானையை எடுத்துக்கோங்க. தும்பிக்கையில் ஓர் எலும்புகூட இல்லை. மண்டை ஓட்டின் நடுவில் பெரிய மூக்குத் துவாரம் மட்டும் இருக்கும். சேவலுக்குக் கொண்டை, மயிலுக்குத் தோகை என எதுவும் எலும்பில் இல்லை. நம்ம ஊரின் அழகான விஷயங்களில் பாதி எலும்பில்லாதவைதான்!

ரொம்ப காலமாக டைனோசர் ஓவியர்கள் செய்த தவறு இதுதான். எலும்புக்கூட்டின் மேல் மெல்லிய தோலை இழுத்துப் போர்த்தி, ஓட்டை தெரிகிற இடத்தில் குழி விழ வரைந்தார்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பொருள் மாதிரி இருக்கும். 2012-ல் டேரன் நெய்ஷ், ஜான் கான்வே, சி.எம்.கோஸ்மென் மூவரும் 'ஆல் யெஸ்டர்டேஸ்' என்ற புத்தகத்தில் இதைக் கிண்டலடித்தார்கள். இன்றைய விலங்குகளை, எலும்பை மட்டும் பார்த்து வரைந்தால் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டினார்கள். அன்னம், இறகு இல்லாமல் அரிவாள் மாதிரி கைகளோடு பயமுறுத்தியது. சிரித்து முடித்ததும் ஒரு பயம் வரும். நாம் இதுவரை பார்த்த டைனோசர் எல்லாம் இப்படித்தானோ?

பயம் வீண்போகவில்லை. 2013-ல் எட்மான்டோசாரஸ் என்ற தாவர உண்ணி டைனோசரின் பதப்பட்ட உடல் ஒன்றைப் பற்றி ஆய்வு வெளியானது. தலையில் சேவல் மாதிரி சதைக் கொண்டை! அதில் எலும்பு இல்லாததால், அதற்கு முன்பு வரைந்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

லெக் பீஸும் முதலையும் சொல்லும் ரகசியம்

அப்படியென்றால் எல்லாமே குருட்டாம்போக்கா? இல்லை. ஓவியர்களுக்கு இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். ஒன்று பறவை, இன்னொன்று முதலை.

பறவைகள் டைனோசரின் நேரடி வாரிசுகள். முதலைகள், டைனோசர் குடும்பத்தின் ஒன்றுவிட்ட உறவுகள். ஒரு தசையோ உறுப்போ பறவைக்கும் இருக்கிறது, முதலைக்கும் இருக்கிறது என்றால், நடுவில் இருந்த டைனோசருக்கும் இருந்திருக்கும் என்று நம்பிக்கையோடு சொல்லலாம். ஒன்றில் மட்டும் இருந்தால் 'இருக்கலாம்'. இரண்டிலும் இல்லையென்றால், வேறு வலுவான ஆதாரம் வேண்டும்.

அடுத்த முறை பிரியாணியில் லெக் பீஸ் வந்தால் சாப்பிட்டு முடித்து எலும்பைக் கொஞ்சம் கவனியுங்க. மேடு, பள்ளம், வரி எல்லாம் இருக்கும். அங்கெல்லாம் தசையும் தசைநாரும் ஒட்டியிருந்தன. டைனோசர் எலும்பிலும் அதே மாதிரி தழும்புகள் உண்டு. அதைப் பார்த்து 'இங்கே இவ்வளவு தடிமனான தசை' என்று கணக்குப்போட்டு, ஒவ்வோர் அடுக்காக வரைகிறார்கள். அதனால்தான் நல்ல பேலியோஆர்ட்டிஸ்ட் முதலில் எலும்புக்கூடு வரைவார், அப்புறம் தசை, கடைசியில்தான் தோல். நேராகத் தோலில் ஆரம்பிப்பவர் பெரும்பாலும் வேறொருவரின் படத்தைப் பார்த்து வரைகிறார் என்று அர்த்தம்.

நிறம்கூட சில சமயம் கிடைக்கும். சீனாவில் கிடைத்த சைனோசாராப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசருக்கு இறகு மாதிரி மெல்லிய இழைகள் இருந்தது 1996-ல் தெரியவந்தது. 2010-ல் அந்த இழைகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நிறமியைச் சுமக்கும் நுண்ணிய பொட்டலங்கள் கல்லிலும் தப்பியிருந்தன. உருண்டையாக இருந்தால் செம்பழுப்பு, நீளமாக இருந்தால் கறுப்பு. அப்படிப் பார்த்ததில் அதன் வால், செம்பழுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக இருந்தது என்று சொன்னார்கள். அதற்கு முன்பு டைனோசர் நிறம் என்பது முழுக்க ஓவியர் விருப்பம். இப்போது ஒரு சில டைனோசர்களுக்காவது ஆதாரம் இருக்கிறது.

200 ஆண்டு கால 'சாரி, தப்பா வரைஞ்சுட்டோம்'

இந்தக் கலையின் வரலாறே திருத்தங்களின் வரலாறுதான். முக்கியமான ஐந்து திருப்பங்கள் இதோ...

* 1830: இங்கிலாந்தின் கடற்கரையில் மேரி ஆனிங் என்ற பெண் தேடிக் கண்டுபிடித்த புதைபடிவங்களை வைத்து, ஹென்றி டி லா பெஷ் ஒரு பழைய கடல் காட்சியை வரைந்தார். ஆதாரத்தை வைத்து ஒரு தொன்மையான உலகத்தையே வரைந்த ஆரம்பகாலப் படைப்பு இது.

* 1854: லண்டன் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவில் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் முழு அளவு டைனோசர் சிலைகளைச் செய்தார். திறப்பதற்கு முன், இக்வானடான் சிலை அச்சுக்குள் மேஜை போட்டு அறிவியலாளர்களுக்கு விருந்தே வைத்தார்! அதன் மூக்கில் காண்டாமிருகம் மாதிரி ஒரு கொம்பு. 1878-ல் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் தெரிந்தது, அது கொம்பு இல்லை, கட்டைவிரல் முள்! சிலைகள் இன்றும் அங்கேயே அதே கொம்போடு நிற்கின்றன.

* சார்லஸ் நைட்: 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்த அமெரிக்க ஓவியர். சட்டப்படி பார்வைக் குறைபாடு உள்ளவர். கேன்வாஸுக்கு மிக அருகில் முகத்தை வைத்து வரைவார். நாம் சினிமாவில் பார்த்த டைனோசர்களின் தாத்தா இவர் வரைந்தவைதான்.

* 1969: ராபர்ட் பேக்கர் என்ற மாணவர், டைனோனிகஸ் என்ற டைனோசரை வால் நேராக நீட்டி ஓடுகிற மாதிரி வரைந்தார். அதுவரை மந்தமாக வாலை இழுத்துக்கொண்டு நடந்த டைனோசர், ஒரே படத்தில் சுறுசுறுப்பான விலங்காகிவிட்டது.

* 2007: 'ஜுராசிக் பார்க்' படத்தில் சமையலறைக்குள் வந்து மிரட்டிய வெலாசிராப்டரின் முன்கை எலும்பில், இறகு ஒட்டியிருந்த முடிச்சுகள் இருந்தது தெரியவந்தது. உண்மையான வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான் இருக்கும்.

இவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அன்றைக்குக் கிடைத்ததை வைத்து நேர்மையாக வரைந்தார்கள். புது ஆதாரம் வந்ததும் அடுத்தவர் திருத்தினார்.

நம்ம ஊர் டைனோசர்... எலும்பே இல்லாத ராட்சதன்!

'மதுரையில் டைனோசர் எலும்பு கிடைக்குமா?' - வாய்ப்பு குறைவு. யானைமலை, திருப்பரங்குன்றம் எல்லாம் டைனோசர் பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமிக்கு ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள். அதற்குள் புதைபடிவம் தங்காது. ஆனால், பக்கத்து மாவட்டமான சிவகங்கையில் டைனோசர் காலத்துப் படிவுப் பாறைகள் இருக்கின்றன. அவற்றில் அந்தக் காலத்துச் செடிகளின் இலைத் தடங்கள் கிடைத்திருக்கின்றன.

பெரிய கதை இருப்பது அரியலூரில். மதுரையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது திருச்சி தாண்டி அரியலூர் வருமே, அந்த ஊர் ஒரு காலத்தில் கடல். சுருள் ஓடுகளைக் கொண்ட அம்மோனைட்டுகள் அங்கே மண்ணில் கிடைத்ததால், 19-ம் நூற்றாண்டிலேயே உலக ஆய்வாளர்களுக்கு அந்தப் பகுதி பழக்கம். பக்கத்து மாவட்டமான பெரம்பலூரின் சாத்தனூரில், கல்லாக மாறிய சுமார் 18 மீட்டர் நீள மரம் ஒன்று கிடக்கிறது.

அரியலூர் பகுதியின் கல்லமேடு கிராமத்துக்கு அருகே, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் சில பிரமாண்டமான எலும்புகளைக் கண்டார்கள். 1980-களின் இறுதியில் அதற்கு 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்ட பல்லி என்று அர்த்தம். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். லெக் பீஸில் நீங்கள் கையில் பிடிக்கிற அதே எலும்பு, நம்ம வீட்டு நிலைக்கதவு உயரத்தை நெருங்குகிறது!

முதலில் அதை மாமிசம் தின்னும் டைனோசர் என்று வகைப்படுத்தினார்கள். பிறகு, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மற்ற ஆய்வாளர்கள் திருத்தினார்கள். ஒரே எலும்பு, இரண்டு முற்றிலும் வேறான விலங்கு. இந்த இரண்டு முடிவுக்கும் தனித்தனியாக ஓர் ஓவியர் வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

சோகம் என்னவென்றால், அந்த எலும்புகள் இன்று இல்லை. ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருந்தவை, நம்ம ஊர் வெயிலிலும் மழையிலும் சிதைந்துபோயின. மிச்சமிருந்தவை கோட்டுப் படங்களும் அளவுகளும்தான். அதனால் பல ஆண்டுகளுக்கு, 'அது எலும்பே இல்லை, கல்லான மரத்துண்டாக இருக்கும்' என்றுகூட சந்தேகப்பட்டார்கள். கல்மரங்கள் கிடைக்கிற பகுதி என்பதால் அந்தச் சந்தேகத்தைத் தள்ளவும் முடியவில்லை. 2022-ல் அய்யாசாமியும் இன்னோர் ஆய்வாளரும், அதுவரை வெளிவராத பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். எலும்புதான் என்ற பக்கம் தராசு சாய்ந்தது.

2023-ல் கிரிகரி பால், ஆசியர் லாரமெண்டி இருவரும், இந்த விலங்கு 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். ஒரு யானை 5 டன் என்று வைத்தால், 22 யானைகளுக்கு மேல்! நீலத்திமிங்கலத்தோடு போட்டி போடுகிற எடை. உலகில் நடந்த மிகப் பெரிய விலங்கு காவிரிப் படுகையில் நடந்திருக்கலாம் என்று அர்த்தம். இதில் இன்னொரு சுவாரஸ்யம், அந்த கிரிகரி பால் ஒரு பிரபலமான பேலியோஆர்ட்டிஸ்ட். டைனோசர் எலும்புக்கூடுகளைப் பக்கவாட்டில் துல்லியமாக வரைகிற பாணியைப் பிரபலமாக்கியவர். உடம்பை வரையத் தெரிந்தவருக்குத்தான் எடையைக் கணக்குப்போடத் தெரியும்.

ஆனால், 'இருக்கலாம்' என்ற வார்த்தையைக் கவனியுங்க. தலை கிடைக்கவில்லை, கழுத்து கிடைக்கவில்லை. கிடைத்த சில எலும்புகளும் போய்விட்டன. நெட்டில் நீங்கள் பார்க்கும் புருகத்காயோசாரஸ் படம் ஒவ்வொன்றும், அதன் உறவுக்கார டைனோசர்களைப் பார்த்து வரைந்தது. ஓர் அருங்காட்சியகப் பெட்டியும், சரியான நேரத்தில் பூசிய பசையும் இருந்திருந்தால் உலகமே கல்லமேட்டுக்கு வந்திருக்கும். நாம் தொலைத்தது ஒரு டைனோசரின் முகத்தை.

தலை கிடைக்காத இன்னொருவரும் நம்ம நாட்டில் உண்டு. பாராபாசாரஸ் டாகோரை. 'பெரிய கால்' என்ற அர்த்தமும் தாகூரின் பெயரும் சேர்ந்தது. இன்றைய தெலங்கானா பகுதியில் தோண்டியது, தாகூரின் நூற்றாண்டு ஆண்டான 1961-ஐ ஒட்டி. சுமார் 300 எலும்புகள் கிடைத்தும் மண்டை ஓடு கிடைக்கவில்லை. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிற அதன் எலும்புக்கூட்டுக்குத் தலை, ஓர் ஊகம்தான்.

வாட்ஸ்அப் முட்டையும் ஏ.ஐ டைனோசரும்

2020 அக்டோபர் ஞாபகம் இருக்கா? பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாக போட்டோவோடு ஒரு ஃபார்வேர்டு சுற்றியது. நிபுணர்கள் போய்ப் பார்த்துவிட்டு, அவை முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றிப் படிவுகள் உருண்டு திரண்டவை என்றார்கள். முட்டை செய்தி பார்த்த எல்லோருக்கும் மறுப்பு போய்ச் சேர்ந்திருக்குமா என்ன?

இப்போது ஏ.ஐ வந்துவிட்டது. 'தமிழ்நாட்டு டைனோசர்' என்று டைப் செய்தால் கோபுரத்துக்குப் பின்னால் ஒன்று உறுமும். ஏ.ஐ எலும்பைப் பார்ப்பதில்லை. இதற்கு முன் வரைந்த லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துக் கலக்கித் தருகிறது. அதில் பழைய தப்பான படங்களும் அடக்கம். விரல் எண்ணிக்கை தப்பு, கை திரும்பியிருக்கும், வால் தரையில் இழுபடும். கீழடி முகங்களுக்கும் இதே கதிதான். ஆய்வகம் வெளியிட்ட முகம் எது, யாரோ ரீல்ஸுக்காக ஏ.ஐ-யில் 'அழகாக்கிய' முகம் எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாத அளவுக்கு இரண்டும் கலந்துவிட்டால், உண்மையான வேலைக்கும் மதிப்பு போய்விடும்.

ஒரு பழைய முகத்தின் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினாலோ இறக்கினாலோ, அதற்குப் பின்னால் ஒரு பெரிய அரசியலே கிளம்பும். 2018-ல் இங்கிலாந்தில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 'செடர் மனிதர்' அடர் நிறத் தோலோடு இருந்திருக்கலாம் என்று டி.என்.ஏ அடிப்படையில் முகம் வெளியிட்டபோது அங்கேயும் இதே ரகளை. 'எங்க தாத்தா எப்படி இருந்தார்' என்ற கேள்வியில் எல்லா ஊர்க்காரர்களும் உணர்ச்சிவசப்படுவார்கள். அதனால்தான், எது எலும்பு, எது ஊகம் என்று பிரித்துச் சொல்வது ரொம்ப அவசியம்.

ஒரு படத்தைப் பார்த்தால் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எவ்வளவு எலும்பு கிடைத்தது? முழுக் கூடா, ஒரே ஒரு பல்லா? நல்ல வெளியீட்டில் கிடைத்த எலும்பைத் தனி நிறத்தில் காட்டியிருப்பார்கள்.

2. வரைந்தது யார்? ஓவியர் பெயர் இருக்கிறதா? அவரோடு வேலை செய்த ஆய்வாளர் யார்? பெயரே இல்லாத படத்தை நம்பாதீங்க.

3. எந்த ஆண்டு வரைந்தது? 1950-ல் வரைந்த படம் அழகாக இருக்கலாம். சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை.

4. நிறத்துக்கு என்ன ஆதாரம்? நிறமியா, டி.என்.ஏ-வா, இன்றைய உறவினரைப் பார்த்து எடுத்ததா?

5. எலும்பில்லாத பகுதி எது? கொண்டை, திமில், உதடு, இறகு... இதெல்லாம் ஊகம் அதிகமாக இருக்கும் இடங்கள்.

நீங்களும் வரையலாம்!

இதற்கு ஃபைன் ஆர்ட்ஸ் டிகிரி கட்டாயம் இல்லை. கவனிப்புதான் முக்கியம். சார்லஸ் நைட் மிருகக்காட்சி சாலையில் உட்கார்ந்து உயிருள்ள விலங்குகளை வரைந்து வரைந்துதான் பழகினார். உங்களுக்கு மாட்டுத்தாவணி போகிற வழியில் மாடு, தெப்பக்குளத்தில் கொக்கு, வீட்டுச் சுவரில் பல்லி. ஒரு மாதம் இவற்றையே வரையுங்க. கோழி நடக்கும்போது தலை எப்படி முன்னும் பின்னும் போகிறது, நிற்கும்போது எடை எந்தக் காலில் விழுகிறது என்று பாருங்க. கிட்டத்தட்ட ஒரு சின்ன டைனோசரைத்தான் பார்க்கிறீங்க.

அடுத்து எலும்பு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பெரிய திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. போனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரையுங்க. வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் பல, எலும்புகளின் முப்பரிமாண ஸ்கேனை இலவசமாகவே வைத்திருக்கின்றன. போனிலேயே சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். ஒரே விலங்கை மூன்று தாளில் வரையுங்க: எலும்பு, தசை, தோல். கடைசித் தாளின் ஓரத்தில் 'இது தெரியும், இது ஊகம்' என்று இரண்டு பட்டியல் எழுதிவிடுங்க. தமிழில் டைனோசர் பற்றிப் படிக்கிற குழந்தைகளுக்கு, நம்ம ஊர் விலங்குகளை நம்ம ஊர் மண்ணோடு வரைந்து தருகிறவர்கள் ரொம்பக் குறைவு. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அரியலூர் பக்கம் சுற்றப் போனால் ஒரு வேண்டுகோள். மண்ணில் சுருள் சுருளாக எதையாவது பார்த்தால் பையில் போட்டுக்கொள்ளாதீங்க. எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் ஆதார் கார்டு. எடுத்துவிட்டால் அது வெறும் அலமாரிக் கல். போட்டோ எடுங்க, பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்து அளவு தெரிகிற மாதிரி எடுங்க, லொகேஷனைக் குறித்துக்கொண்டு புவியியல் துறைக்கோ அருகில் உள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ சொல்லுங்க. சுண்ணாம்புக்கல் எடுக்க சுரங்கங்கள் தோண்டப்படும் பகுதி அது. யார் கண்ணிலும் படாமல் போகிறவை எத்தனையோ.

கொந்தகையில் தாழிக்குள் வைத்து மூடியவர்கள், 2,500 ஆண்டுகள் கழித்து தங்கள் ஆளின் முகத்தை யாரோ போனில் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால், பத்திரமாக வைத்தார்கள். அதனால்தான் அவருக்கு இன்று ஒரு முகம் இருக்கிறது. கல்லமேட்டு ராட்சதனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அடுத்த முறை சென்னை ரயிலில் அரியலூர் தாண்டும்போது, ரீல்ஸை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பாருங்க. அந்த மண்ணுக்குள் இன்னொன்று இருக்கலாம். கண்டுபிடிப்பது ஆய்வாளர் வேலை. அதற்கு முகம் கொடுப்பது, ஒருவேளை உங்க வேலையாக இருக்கலாம்.